ஊதிப்போன வருடம்

ரோமாபுரியின் நடுச்சந்தைத் திடலில் ஒரே ஒரு பந்தல் கம்பு நடுவதற்குள் பூவலிங்கத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டாலும் அடியில் ஏதோ ஒரு சாமி குடியிருந்தது. ஒரு பூசாரி வந்து தடுத்தார். அவரைச் சமாதானம் செய்து அனுப்பினால் இன்னொருவர் கோழிக்கூண்டோடு வந்தார். கூண்டைத் திறந்து தானியம் போட்டு, கோழிகள் ஆசையாகக் கொத்தித் தின்றால்தான் காரியத்தைத் தொடங்கலாம் என்பது அந்த ஊர் வழக்கம். அன்றைக்குப் பார்த்துக் கோழிகளுக்குப் பசியில்லை.

“அண்ணாச்சி, கோழி திங்க மாட்டேங்கு. வேலை நிக்கி” என்று பூவலிங்கம் முதலாளியிடம் போய்ச் சொன்னான்.

ஆதிமூலம் அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமையில் பந்தலும் சமையலும் சேர்த்து எடுத்துச் செய்கிறவர். எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ சம்பந்திகளைச் சமாளித்த மனுஷர். “சாமிக் கோழின்னாலும் வயிறு வயிறுதானவே. நாளைக்குக் காலம்பற வரைக்கும் அதுகளுக்கு ஒண்ணும் போடாதீயன்னு அந்தக் கோழிக்காரர்கிட்ட பக்குவமாச் சொல்லு” என்றார். மறுநாள் கோழிகள் தானியத்தை முடித்துவிட்டுக் கூண்டின் குச்சிகளையும் கொத்தின. கம்பு நட்டாயிற்று.

எல்லாம் காலவாசலால் வந்த பிழைப்பு. பின்னோக்கிப் போகும் கருவியைக் கண்டுபிடித்தவர்கள் கண்ட கனவுகள் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், கீழடியில் போய் ஒரு வாரம் தங்கலாம் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் வாசல் திறந்தது ஒரே ஒரு வருடத்துக்குள். சீசர் மூன்றாம் தடவையாகக் கான்சல் என்ற தலைமைப் பதவியில் இருந்த வருடம், ஊர் ரோமாபுரி, இடம், துணி வெளுக்கும் ஒரு பட்டறையின் பின்சுவர். வேறு எந்த வருடத்தில் துளை போடப் பார்த்தாலும் கருவி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஏன் அந்த வருடம் மட்டும் இளகிக் கொடுத்தது என்பது காலவாசல் வாரியத்தில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, டெண்டர் விட வேண்டியதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

வாசலுக்கு ஒரு குணம் உண்டு. அந்த வருடத்தின் முதல் நாளில் ஒரு தடவை திறக்கும், கடைசி நாளில் ஒரு தடவை திறக்கும். நடுவே வெறும் சுவர். அங்கே ஒரு நாள் கழிந்தால் இங்கேயும் ஒரு நாள் கழியும். அந்த ஒரு வருடம் ஓடி முடிந்தால் வாசலின் கதையும் முடிந்தது. அதனால் முதல் நாளில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். சுற்றுலாக்காரர்கள், மருத்துவர்கள், மிளகு மூட்டையோடு வியாபாரிகள். இங்கே பாளையங்கோட்டை டீக்கடைகளில் உள்ளூர் அரசியலை விட்டுவிட்டு ரோமாபுரி அரசியல் பேசினார்கள். ஆப்பிரிக்காவில் சீசர் வாங்கிய வெற்றிக்கு இங்கே வெடி போட்டவர்களும் உண்டு.

வரலாறு மாறிவிடாதா என்று பயந்தவர்களுக்கு வாரியம் தயாராக ஒரு பதில் வைத்திருந்தது. சீசர் தன் வெற்றி விழாவுக்குத் திடல் முழுவதும் துணிப்பந்தல் போட்டார் என்று பழைய நூல்களில் இருக்கிறது. போட்டது யார் என்று இல்லை. நாம்தான் போட்டிருப்போம் போலிருக்கிறது, ஆகவே போய்ப் போடுங்கள் என்று ஆதிமூலம் அண்ணாச்சிக்கு ஆணை கொடுத்துவிட்டார்கள். ரோமாபுரிக்காரர்களிடம் இலங்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னால் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. நிழல் கிடைத்தால் சரி.

ஒவ்வொருவர் காதிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு மொழிக்காது பொருத்தியிருந்தது. எதிராளி எந்த மொழியில் பேசினாலும் நமக்கு நம் பேச்சாகக் கேட்கும், நாம் பேசுவது அவருக்கு அவர் பேச்சாகக் கேட்கும். பூவலிங்கம் வாங்கும்போது நெல்லைப் பேச்சு என்று பதிந்திருந்தான். ரோமாபுரி முழுவதும் அவனுக்கு மேலப்பாளையம் சந்தை மாதிரியே ஒலித்தது.

இனி அவன் கவலைக்கு வருவோம். பூவலிங்கம் பந்தல்காரன். தை மாதம் பந்தல்காரனுக்குத் தலைக்கு மேல் வேலை. ஊரார் கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போய்த் தன் கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தான். பெண்ணின் பெயர் செண்பகவடிவு, காலவாசலில் பொறியாளர். நேரத்தோடேயே குடித்தனம் நடத்துகிறவள். சொன்ன நேரத்துக்கு வராதவர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. இந்தத் தடவை அவள் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். பூவலிங்கம்தான் கேட்கவில்லை.

“ரோமாபுரிக்காரன் வருசம் நம்ம வருசத்தவிட பத்து நாள் கம்மி. விசாரிச்சிட்டேன். மார்கழியிலயே வந்து நிப்பேன். அடுத்த தை இருவதுக்கு வச்சிருவோம்” என்றான்.

“இது மூணாவது தேதி. தை தாண்டுனா அதுக்கப்புறம் கல்யாணப் பேச்சே கெடையாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள் அவள்.

அவன் யோசிக்காமல் சத்தியம் செய்தான். தை முதல் நாளே வருடப் பிறப்பு என்று ஆணை வந்து, மாறி, மறுபடி வந்து, ஒருவழியாக நிலைத்துவிட்ட காலம் அது. வருடப் பிறப்பன்று வாசல் வழியாக உள்ளே போனான்.

போன சுருக்கிலேயே முதல் அடி விழுந்தது. பெப்ரவரி முடிந்ததும் மார்ச் வரவில்லை. பெயரே கேள்விப்படாத ஒரு மாதம் வந்தது. விசாரித்தபோது, ரோமாபுரியில் குருமார் சபை என்று ஒன்று இருக்கிறது, வருடம் சூரியனோடு ஒட்டாமல் போனால் அவர்கள் இடையில் ஒரு மாதத்தைச் செருகிவிடுவார்கள், இது வழக்கம்தான் என்றார்கள். தங்களுக்கு வேண்டியவர் பதவியில் இருந்தால் செருகுவார்கள், வேண்டாதவர் இருந்தால் மறந்துவிடுவார்கள் என்பதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். பூவலிங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். தை இருபதுக்கு ஒரு வாரம் மிச்சமிருந்தது. மூச்சு வந்தது.

பிறகு வெற்றி விழா வந்தது. பந்தல், திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அதன் கீழே ஊருக்கெல்லாம் விருந்து. ரோமாபுரிக்காரர்கள் படுத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள் என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடது முழங்கையை ஊன்றி ஒருக்களித்துப் படுத்து, வலது கையால் எடுத்து உண்பார்கள். வலது கை என்றதில் அண்ணாச்சிக்குத் திருப்தி. ஆனால் படுத்திருக்கிற மனுஷனுக்கு ரசம் ஊற்றுவது எப்படி? முதல் பந்தியில் பாதி ரசம் விருந்தாளிகளின் அங்கிக்குள் போயிற்று. வாழை இல்லாத ஊர் என்பதால் அத்தியிலைகளை ஈர்க்குக் குத்தித் தைத்துப் போட்டிருந்தார்கள். ரசத்துக்கென்று இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்தபிறகு சரியாயிற்று. யாரோ ஒரு பெரிய மனிதர் விழாவுக்கென்று தன் குளத்து விலாங்குகளை மொத்தமாக அனுப்பியிருந்தார். அண்ணாச்சி அவற்றைப் புளிக்குழம்பாக வைத்து இறக்கினார்.

அந்த ஊரில் மிளகு பொன் மாதிரி. நம் ஆட்கள் அதை உப்பு மாதிரி போட்டார்கள். போதாததற்குப் பரிமாறும் முறை வேறு. போதும் என்று விருந்தாளி கை காட்டினால் அது இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதை மரியாதையாகச் சொல்வது என்றுதான் நம் பரிமாறுகிறவர்கள் காலங்காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். இரு கையாலும் இலையை மறைத்துப் போதும் என்று சொன்னாலும் விரலிடுக்கில் ஊற்றுவார்கள். உலகத்தை வென்ற படைவீரர்கள் அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த விருந்தில்தான் பூவலிங்கத்தின் வாய் அவனுக்கு வினை வைத்தது. கார்விலியஸ் என்று ஒருவர், குருமார் சபையில் எழுத்தர். கோழி விவகாரத்தில் பழக்கமானவர். இரண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டு, “என்னவே பூவலிங்கம், ஏன் இப்படி வேத்து ஒழுகுது உமக்கு?” என்று கேட்டார்.

“ஏன் ஒழுகாது? செப்டம்பர்னு சொல்லுதீய, வெயிலு மண்டையப் பொளக்கு. அறுப்புத் திருவிழா கும்பிட்டு முடிச்சாச்சு, வயல்ல பயிரு இன்னும் பச்சையா நிக்கி. உங்க வருசம் சூரியன விட்டுட்டு முன்னால ஓடிட்டுவே! எங்க ஊருப் பஞ்சாங்கத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இப்படிப் பிசகட்டும் பாப்போம்.”

பூவலிங்கம் பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாள் பக்கத்தைத் தவிர வேறு எதையும் புரட்டியவனில்லை. அதையும் பந்தல் ஆர்டர் எப்போது வரும் என்று பார்ப்பதற்காகத்தான் புரட்டினான். ஆனால் வெளியூரில் இருக்கும்போது நமக்கு வரும் பெருமைக்கு அளவே இல்லை.

“ஓடிப்போனத எப்படிவே பிடிச்சு நிறுத்த?” என்றார் கார்விலியஸ், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு.

“இடையில நாளச் சொருவ வேண்டியதுதான். பெப்ரவரிக்கு அப்புறம் ஒரு மாசம் சொருவுனீயளே, அதெல்லாம் எந்த மூலைக்கு? நல்லா நிறையச் சொருவணும்.”

வாய் இதைச் சொல்லும்போது மூளை கல்யாணத் தேதியை நினைத்துப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுப் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

நவம்பர் கடைசியில் திடலில் கொம்பு ஊதி அறிவித்தார்கள். நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு புதிய மாதங்கள் செருகப்படும். வருடம் சூரியனோடு ஒட்டிய பிறகுதான் டிசம்பர். அடுத்த ஆண்டிலிருந்து புதிய கணக்கு. இதற்கென்று எகிப்திலிருந்து ஒரு பண்டிதரை ஏற்கெனவே வரவழைத்திருந்தார்கள் என்றும் கேள்வி. ஆனால் கார்விலியஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பூவலிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“நீரு சொன்னபடியே நடந்துட்டுவே! சபையில நானும் எடுத்துச் சொன்னேன். நிறையச் சொருவணும்னு நம்ம பந்தல்காரரும் சொல்லுதாருன்னேன்.”

“ஐயையோ, என்ன காரியம் செஞ்சீரு!” என்று அலறினான் பூவலிங்கம். “டிசம்பர் முடியாம எனக்கு வாசல் திறக்காதேவே. தை போச்சே!”

“என்ன போச்சு? எல்லாருக்கும் லாபந்தான். இந்த வருசத்தோட முடியுத பதவி எனக்கு. இப்பம் ரெண்டு மாசம் கூடக் கெடைச்சிருக்கு” என்றார் கார்விலியஸ். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அழுகிறவனைப் பார்த்து அவரும் கொஞ்சம் அழுதார், மரியாதைக்காக.

பூவலிங்கம் வெளுப்புப் பட்டறைக்கு ஓடினான். பின்சுவரில் குரல்துளை என்று ஊசிக்கண் அளவு ஓட்டை ஒன்று உண்டு. ஆள் போக முடியாது, பேச்சு மட்டும் இந்தக் காலத்துக்கும் அந்தக் காலத்துக்கும் போய்வரும். அந்த ஊரில் துணி வெளுக்கப் பயன்படுத்துவது மனித மூத்திரம். தொட்டி தொட்டியாகச் சேர்த்து வைத்து, அதில் துணியைப் போட்டு மிதிப்பார்கள். ஒரு வருடமாக அவன் காதல் பேசியதெல்லாம் அந்தத் தொட்டிகளுக்கு நடுவே, மூக்கைப் பொத்திக்கொண்டுதான். அன்றைக்கு மூக்கைப் பொத்தவும் தோன்றவில்லை.

“வடிவு, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.”

“கோவம் வாரதுன்னா சொல்லாதீங்க.”

“நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவுல ரெண்டு மாசத்தச் சொருவிட்டாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. துளை அடைத்துக்கொண்டதோ என்று ஊதிப் பார்த்தான்.

“ஊதாதீங்க, காது வலிக்கி” என்றாள். “மாசத்த எங்கனயாவது சொருவுவாங்களா? பொய்யாவது நல்ல பொய்யாச் சொல்லுங்க. எங்கப்பா அப்பமே சொன்னாரு, அவன் அங்கன எவளையாவது பாத்திருப்பாம்ட்டின்னு. நான்தான் நம்பல.”

“உங்கப்பா மேல சத்தியமா இல்ல வடிவு! நான் பாத்தது பூராம் கம்பும் துணியும் விலாங்கும்தான்.” அவன் குரல் உடைந்தது. “ஊருல உள்ள கல்யாணத்துக்கெல்லாம் பந்தல் போட்டவன் நான். எனக்குன்னு ஒரு தடவ மணவறையில உக்கார முடியலையே. எனக்கு உன்ன விட்டா ஆளு கெடையாது, தெரியும்லா?”

அவள் மறுபடி பேசியபோது குரல் இளகியிருந்தது. “முதல்ல ஒரு மாசம், இப்பம் ரெண்டு மாசம். அப்பம் அந்த வருசம் நானூத்திச் சொச்சம் நாளா?” என்றாள். பிறகு திடீரென்று கத்தினாள். “அடப்பாவி! அதான் விசயமா!”

“நான் என்ன செஞ்சேன்?”

“உங்களச் சொல்லல. வாசல் ஏன் அந்த வருசத்துல மட்டும் திறந்துச்சுன்னு மண்டைய உடைச்சிட்டுக் கெடந்தோம்லா. காலம் நெருக்கமா நெஞ்ச துணி மாதிரி. ஊசி இறங்காது. மனுசன் ஒவ்வொரு நாளா எண்ணி எண்ணித்தான் அது அவ்வளவு நெருக்கம். எண்ணிக்கையில கைய வச்சு ஒரு வருசத்த இழுத்து விட்டாங்கன்னா, அந்த இடம் மட்டும் தளந்து போவும். அங்கனதான் துளை விழும். இவ்வளவு சின்ன விசயம், ஒருத்தருக்கும் தோணலையே!”

“நீ அறிவியல் பேசுத. என் கல்யாணம் என்னாச்சு?”

“தை தாண்டுனா கல்யாணம் கெடையாதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்” என்றாள் செண்பகவடிவு. “ஆனா தை எப்பம் முடியணும்னு நான் சொல்லலியே” என்றாள்.

அடுத்த வாரமே அவள் வாரியத் தலைவரிடம் ஒரு யோசனையைக் கொண்டுபோனாள். ரோமாபுரி வருடம் நீண்டு நம் வருடம் நீளாமல் போனால் வாசல் திறக்கும்போது ஆபத்து. ஆகவே நம் தையையும் நீட்டி வைப்பது நல்லது. இதில் அறிவியல் என்று ஒன்றும் கிடையாது. அவளுக்கே அது தெரியும். தலைவர் அதை அமைச்சரிடம் கொண்டுபோனார். அமைச்சர் கேட்டது ஒரே கேள்வி. “தை நீண்டா, மாசி தள்ளிப் போவும்லா?” மாசியில் தேர்தல். ஜெயிப்பதற்கு வழியே இல்லை என்று உளவுத்துறை சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாளே அரசாணை வந்துவிட்டது. தைக்குப் பிறகு இரண்டாம் தை, அதன்பிறகு மூன்றாம் தை, பிறகே மாசி.

எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பரீட்சை தள்ளிப்போனதில் மாணவர்களுக்குக் கொண்டாட்டம். மூன்று தை என்றால் மூன்று மடங்கு முகூர்த்தம் என்று மண்டபக்காரர்கள் துள்ளினார்கள். மாட்டுப் பொங்கலை மூன்று தடவை கொண்டாடுவதா என்று மாடுகளைத் தவிர எல்லோரும் பட்டிமன்றம் நடத்தினார்கள். செண்பகவடிவு பத்திரிகையை மாற்றி அடித்தாள். மூன்றாம் தை, இருபத்தேழாம் நாள், வெள்ளிக்கிழமை.

ரோமாபுரியில் டிசம்பர் ஒருவழியாக முடிந்தது. வாசல் திறந்தது. பட்டறை வாசனையோடு வெளியே விழுந்த பூவலிங்கத்தை வாரியத்து ஆட்கள் மூன்று நாள் தனியறையில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். அதன்பிறகுதான் செண்பகவடிவு கிட்டே வந்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “வந்துட்டீங்களே” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இதற்காக ஒரு மாநிலத்தின் காலண்டரையே வளைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது பூவலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கல்யாணம் பாளையங்கோட்டையில். ஆதிமூலம் அண்ணாச்சியின் ஆட்கள் ரோமாபுரிக் களைப்பில் படுத்துவிட்டதால், பெண் வீட்டார் பந்தலுக்கு வேறு ஆள் பிடித்திருந்தார்கள். அந்தமான் பக்கத்துக் குழு, நல்ல மாதிரி, முதல் தை பிறந்த அன்றைக்கு வந்தவர்கள், இங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள் என்றார் மாமனார். அன்று காலையில் தேர்தல் ஏற்பாடுகள் முடியாததால் நான்காம் தையும் உண்டு என்று செய்தி வந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் அதைக் காதில் வாங்கவில்லை.

தாலி கட்டினான். மூன்று முடிச்சையும் தானே போட்டான். முடிச்சு அவன் தொழில். அக்கினியைச் சுற்றி வந்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்து, மணமக்கள் மண்டப வாசல் பந்தலுக்கு வந்தபோதுதான் அவன் கண் மேலே போயிற்று. பந்தல்காரன் கண் வேறு எங்கே போகும்? கம்புகளுக்குக் குழியே இல்லை. தரைமேல் சும்மா நின்றன. தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. துணிக்குக் கீழே மார்கழிக் காலை மாதிரி குளிர்ச்சி. கயிற்று முடிச்சைத் தடவிப் பார்த்தான். அவன் வாழ்நாளில் போடாத முடிச்சு, அண்ணாச்சியும் போடாத முடிச்சு.

பந்தல் பொறுப்பாளன் பக்கத்தில் கைகட்டி நின்றான். முப்பது வயதிருக்கும். மனைவி ஓர் ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள், மடியில் ஒரு சின்னப் பெண். பொறுப்பாளனின் காதுக்குள் கடுகளவு ஏதோ மின்னியது. துவரம்பருப்பு கடுகாக எத்தனை காலம் பிடித்திருக்கும் என்று பூவலிங்கம் நினைத்துப் பார்த்தான். பொறுப்பாளன் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனான். செண்பகவடிவும் பின்னாலேயே வந்தாள்.

“எந்த வருசத்துல இருந்துவே வாரீரு?” என்று மெதுவாகக் கேட்டான்.

பொறுப்பாளன் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தான். “வெளிய சொல்லிராதீங்க அண்ணாச்சி. எங்க வாரியத்துல கொன்னே போட்டுருவாங்க” என்றான். “வருசத்தச் சொன்னா உங்களுக்குத் தலை சுத்தும். ரொம்பத் தூரம். இந்தக் கல்யாணத்துக்கு நாங்கதான் பந்தல் போட்டிருப்போம்னு நினைச்சுத்தான் டெண்டரு எடுத்தோம்.”

“இங்கன எதுக்கு வந்தீங்க? பாக்கதுக்கு எவ்வளவு நல்ல நல்ல காலம் இருக்கு!” என்றாள் செண்பகவடிவு.

“எங்களுக்கும் ஆசைதான் அக்கா. தஞ்சைக் கோயில் கட்டுதப் பாக்கணும்னுதான் கருவிய செஞ்சாங்க. வேற எங்க துளை போட்டாலும் வழுக்குது. இந்த ஒரு வருசந்தான் திறந்துச்சு.”

செண்பகவடிவின் கையில் இருந்த பூச்செண்டு சரிந்தது. அவளே கண்டுபிடித்த விதி. எண்ணிக்கையில் கை வைத்தால் அந்த இடம் தளரும். ரோமாபுரிக்குப் பொருந்தும் என்று துள்ளியவள், இங்கே இரண்டு தையைச் செருகியபோது ஒரு நிமிடம்கூட அதை நினைக்கவில்லை. அன்றைக்கு அவள் மனசு முழுக்கக் கல்யாணமாக இருந்தது.

பூவலிங்கத்துக்கோ அந்தப் பையன் மேல் பாசம் பொங்கியது. தன் இனம் அல்லவா. “கவலப்படாதீரும். நானும் போயி இருந்துட்டு வந்தவன்தான். கொஞ்சம் முன்னப்பின்ன ஆவும், பல்லக் கடிச்சிட்டு இருந்தா ஓடிரும்” என்று முதுகில் தட்டினான். “அதுசரி, ஒரு வருசத்துக்கு எதுக்குவே குடும்பத்தையும் கூட்டிட்டு வந்தீரு? பிள்ளைக்குப் படிப்பு கெடாதா?”

அந்த மனுஷன் அவர்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்தான். ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்கிற பார்வை. அதில் இரக்கம்தான் அதிகமாக இருந்தது.

“எங்க ஊருல உங்க வருசத்தப் பத்திப் பாடமே இருக்கு அண்ணாச்சி” என்றான். “படிச்சிட்டுத்தான் வந்தோம். இவள இங்கன ஒண்ணாப்புல சேத்திருக்கு. பத்தாப்புப் பரீட்சையும் இங்கனதான் எழுதுவா.”

பூவலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லாம் தைதானா?” என்றாள் செண்பகவடிவு.

“பெரும்பாலும் தைதான் அக்கா.”

அவள் கழுத்தில் புதுத்தாலியின் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் பூவலிங்கத்தைப் பார்த்தாள், மண்டபத்துக்குள் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அந்தப் பந்தல்காரனிடமே கேட்டாள்.

“அப்பம் எங்களுக்குத் தலைத் தீவாளி?”

“வரும் அக்கா” என்றான் அவன், ஆறுதலாக. “இவ பத்தாப்பு முடிக்கவும் வந்துரும்.”